மேக்பெத் நாடகத்தை பசங்களுக்கு நடத்துறது எப்படி

ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நடத்தப் போறீங்கன்னா ஒரு விஷயத்தை மட்டும் முதல் நாள் செய்யாதீங்க, "பேராசையால அழிஞ்சு போன ஒருத்தனோட கதை"ன்னு போர்டுல எழுதிட்டு ஆரம்பிக்காதீங்க. அந்த வரி பொய்யில்ல, ஆனா அதை முதல்லயே சொல்லிட்டா பசங்களைப் பொறுத்தவரை நாடகம் அங்கயே முடிஞ்சுது, ஆசைப்பட்டான், கொன்னான், செத்தான், அவ்ளோதான. இந்த நாடகத்தோட உயிர் வேற இடத்துல இருக்கு. தான் செய்யப் போறது தப்புன்னு மேக்பெத்துக்கு நல்லாவே தெரியும். அவனை யாரும் ஏமாத்தி செய்ய வைக்கல, கோவத்துல கண்ணு தெரியாமப் போய் செய்யல, கொலைக்கு முன்னாடி தனியா நின்னு ஏன் செய்யக் கூடாதுன்னு காரணத்தை ஒண்ணு ஒண்ணா அடுக்குறான், அடுக்கி முடிச்சிட்டு அன்னைக்கு ராத்திரியே போய் செய்றான். இவ்ளோ தெரிஞ்ச ஒரு ஆள் ஏன் செஞ்சான்? இந்தக் கேள்வியோட பசங்க உள்ள வந்துட்டாங்கன்னா மிச்சத்தை ஷேக்ஸ்பியரே பாத்துக்குவாரு.

அதுக்கு நான் சொல்ற வழி ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு பசங்களும் நோட்டுல கடைசிப் பக்கத்தை இதுக்குன்னு ஒதுக்கணும், ஒரு சீன் முடிஞ்சதும் ரெண்டே வரி, நான் இன்னும் மேக்பெத் பக்கம் நிக்கிறேனா இல்ல விலகிட்டேனா, ஏன். மார்க் கிடையாது, சரி தப்பு கிடையாது, எழுதுனதை அழிக்க மட்டும் கூடாது. சிலர் ராஜாவைக் கொன்னதுமே விலகிடுவாங்க, சிலர் ஃபிரெண்டைக் கொல்ல ஆள் அனுப்பும்போது, சிலர் ரொம்ப நேரம் கூடவே நிப்பாங்க, அப்படி நின்னதை நினைச்சு பின்னாடி அவங்களுக்கே ஒரு மாதிரி ஆகும். அந்த உறுத்தல்தான் நமக்கு வேணும், ஏன்னா அவனை முதல்லயே வில்லன்னு முத்திரை குத்திட்டா அவன் விழுறதைப் பாத்து யாருக்கும் ஒண்ணும் ஆகாது, அப்புறம் இதை எதுக்கு டிராஜெடின்னு சொல்றோம்னே புரியாது.

நீங்க முன்னாடியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, வீட்ல உக்காந்து முழு நாடகத்தையும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிடுங்க. பயப்படாதீங்க, ஷேக்ஸ்பியரோட டிராஜெடிகள்ல இதுதான் சின்னது, ஹாம்லெட் கிட்டத்தட்ட இதுக்கு ரெண்டு மடங்கு நீளம், இதை ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல முடிச்சிடலாம். மனசுக்குள்ள படிச்சா மண்டையில ஏறாத இடம்லாம் வாயால சொன்னா ஏறும். மூலம் நெட்ல இலவசமாவே கிடைக்குது, ஆனா பக்கத்துலயே அருஞ்சொல் விளக்கம் போட்ட ஒரு பதிப்பு கையில இருந்தா நல்லது. படிக்கும்போதே எந்த சீன் முழுசா, எந்த சீன் சுருக்கமான்னு பென்சில்ல குறிச்சிடுங்க. எல்லா வரியும் நடத்தணும்னு கிளம்புனா மூணாவது அங்கத்துக்குள்ளயே கிளாஸ் தூங்கிடும். என்னோட கணக்குல முழுசா பண்ண வேண்டியது முதல் அங்கத்துல 1, 3, 5, 7, ரெண்டாவதுல கொலை நடக்குற ராத்திரி மொத்தமும், மூணாவதுல விருந்து சீன், நாலாவதுல மக்டஃப் வீடு, அஞ்சாவதுல தூக்கத்துல நடக்குற சீனும் கடைசிப் பகுதியும். மூணாவது அங்கத்துல ஹெக்கேட்டின்னு ஒரு தேவதை வந்து சூனியக்காரிகளைத் திட்டுற சீன் ஒண்ணு வரும், அது ஷேக்ஸ்பியர் எழுதுனதே இல்ல, அந்தக் காலத்து இன்னொரு நாடகாசிரியர் தாமஸ் மிடில்டன் பின்னாடி சேத்ததுன்னுதான் நிறைய ஆய்வாளர்கள் சொல்றாங்க, அதைத் தாராளமா விட்டுடலாம்.

முதல் பீரியட்ல ஷேக்ஸ்பியர் எங்க பொறந்தாரு, எத்தனை நாடகம் எழுதுனாருன்னு ஆரம்பிக்க வேணாம். நேரா முதல் சீன். அது பத்து பன்னெண்டு வரிதான், மூணு சூனியக்காரிங்க பேசுறாங்க, இடி மின்னல், மறுபடி எப்ப சந்திக்கலாம், சண்டை முடிஞ்சதும், எங்க, பொட்டல்ல, யாரைப் பாக்க, மேக்பெத்தைப் பாக்க, முடிஞ்சது. மூணு பேரை கிளாஸோட மூணு மூலையில நிக்க வச்சுப் படிக்கச் சொல்லுங்க, நடுவுல இருக்கிறவங்களுக்கு எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியக் கூடாது. லைட்டை அணைக்காதீங்க, ஜன்னலைச் சாத்தாதீங்க, பகல் வெளிச்சத்துலயே பண்ணுங்க, ஏன்னா லண்டன்ல குளோப் தியேட்டர்ல மத்தியான வெயில்லதான் இந்த நாடகத்தை ஆடுனாங்க, மேல கூரையில்லாத முற்றம், அந்த வெளிச்சத்துல நின்னுக்கிட்டு ராத்திரியையும் மூடுபனியையும் வெறும் வார்த்தையாலயும் கையில பிடிச்ச தீப்பந்தத்தாலயும் உண்டாக்குனாங்க. அது எப்படி முடிஞ்சதுன்னு பசங்க அவங்க காதாலயே கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் தாளம். "டபுள் டபுள் டாயில் அண்ட் டிரபுள்"னு நாலாவது அங்கத்துல வர்ற வரியை எடுத்துக்கிட்டு டேபிள்ல தட்டிக்கிட்டே சொல்ல வைங்க, அழுத்தம் முதல் அசையில விழும், அடிக்கு நாலு தட்டு. அடுத்து மேக்பெத் பேசுற ஏதாவது ஒரு வரியை அதே மாதிரி தட்டச் சொல்லுங்க, பெரும்பாலும் அழுத்தம் ரெண்டாவது அசையில விழும், அடிக்கு அஞ்சு தட்டு. யாப்புப் பேரெல்லாம் இப்ப வேணாம். அந்த மூணு பேரும் மனுஷங்க பேசுற தாளத்துல பேசலன்னு கை வழியா தெரிஞ்சா போதும். சூனியக்காரிங்க "ஃபேர் இஸ் ஃபவுல், அண்ட் ஃபவுல் இஸ் ஃபேர்"னு சொல்லிட்டுப் போவாங்க, ரெண்டு சீன் கழிச்சு மேக்பெத் மேடைக்கு வந்து பேசுற முதல் வரியே "சோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே". அவங்களை இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள அவங்க வார்த்தை இவன் வாயில இருக்கு. இதை நீங்க சொல்லாதீங்க, யாராவது ஒரு பொண்ணோ பையனோ கவனிச்சு சொல்ற வரைக்கும் காத்திருங்க.

ரெண்டாவது சீன் போர்க்களச் செய்தி, மொழி கஷ்டம், நீங்களே கதையாச் சொல்லிடலாம், ஆனா ஒரு விவரத்தை விட்டுடாதீங்க. மேக்பெத் போர்ல ஒரு எதிரியை தொப்புள்ல இருந்து தாடை வரைக்கும் கிழிச்சான்னு காயம்பட்ட ஒரு வீரன் வந்து சொல்றான், அதைக் கேட்டு ராஜா டங்கன் ஆஹா என்ன வீரன்னு பாராட்டுறாரு. அதே கை, அதே மாதிரி ரத்தம். அடுத்த அங்கத்துல இது எங்க வந்து நிக்கும்னு பசங்க ஞாபகம் வச்சிருக்கணும்.

மூணாவது சீன்லதான் நேரம் எடுத்து நிக்கணும். சூனியக்காரிங்க சொன்னது என்ன, சொல்லாதது என்னன்னு போர்டுல ரெண்டு பக்கமா எழுதச் சொல்லுங்க. மூணு பட்டம் சொல்றாங்க. கிளாமிஸ் பிரபு, அது அவன்கிட்ட ஏற்கனவே இருக்கு. காடர் பிரபு, அதை ராஜா போன சீன்லயே குடுத்துட்டாரு, நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் இன்னும் தெரியாது. மூணாவது, ராஜா ஆகப் போறவன். அப்ப உண்மையில வருங்காலம் பத்தி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். கொல்லுன்னு எங்கயாவது சொன்னாங்களா? தேடிப் பாக்கட்டும், கிடைக்காது. மேக்பெத்தோட ஃபிரெண்ட் பாங்க்வோவும் பக்கத்துலயே நிக்கிறான், உன் வம்சம் ராஜாவா இருக்கும்னு அவனுக்கும் ஒண்ணு சொல்றாங்க, அவன் போய் யாரையும் குத்தல, கெட்ட சக்திங்க சின்ன உண்மையைச் சொல்லி நம்ப வச்சு பெரிய விஷயத்துல கவுத்துடும்னு எச்சரிக்கைதான் பண்றான். நம்ம பசங்களுக்கு இந்த இடம் சட்டுனு பிடிபடும், ஏன்னா ஜாதகம், ராஜயோகம், பலன்லாம் கேட்டு வளர்ந்தவங்க. உனக்குப் பெரிய பதவி இருக்குன்னு ஜோசியர் சொன்னா நீ சும்மா காத்திருப்பியா, இல்ல அதை நடத்தி வைக்க நீயே கிளம்புவியான்னு கேளுங்க, அரை மணி நேரம் விவாதம் தானா ஓடும். ஒரு விஷயத்தை மட்டும் நடுவுல போட்டு விடுங்க, பலன் கேட்டதும் மேக்பெத் திடுக்கிடுறான், நல்ல செய்திதான வந்துருக்கு நீ ஏன் பயந்த மாதிரி நிக்கிறன்னு பாங்க்வோவே கேக்குறான். ஏன் திடுக்கிட்டான்? முன்னாடியே மனசுல அந்த நினைப்பு இருந்துச்சோ? இதுக்கு நாடகம் நேரடி பதில் தராது, நீங்களும் தராதீங்க.

இவ்ளோ ஆனதுக்கு அப்புறம் வரலாறு சொன்னா பசங்க காது குடுத்துக் கேப்பாங்க. 1603ல எலிசபெத் ராணி இறந்ததும் ஸ்காட்லாந்து ராஜா ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜா ஆகுறாரு, ஷேக்ஸ்பியரோட குழு ராஜாவோட சொந்த நாடகக் குழுவா மாறுது. இந்த ஜேம்ஸ் சூனியத்தை ஆழமா நம்புனவர், 1590, 91 வாக்குல ஸ்காட்லாந்துல நடந்த சூனிய வழக்குகள்ல குற்றம் சாட்டப்பட்டவங்களை தானே விசாரிச்சவர், 1597ல அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதுனவர். 1605 நவம்பர் 5, பார்லிமென்ட்டுக்கு அடியில வெடிமருந்து வச்சு ராஜாவோட சேத்து தகர்க்கத் திட்டம் போட்ட கும்பல் மாட்டுது. மேக்பெத் எழுதுனது 1606 வாக்குலன்னு சொல்றாங்க. அப்ப மேடையில ஒரு ராஜாவைக் கொல்றதைப் பாத்த அந்த ஜனங்களுக்கு அது பழங்கதை இல்ல, போன வருஷத்து பயம். இன்னொண்ணு, பாங்க்வோ வழியில வந்தவங்கதான் ஜேம்ஸோட பரம்பரைன்னு அந்தக் காலத்துல நம்புனாங்க. ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹோலின்ஷெட்டோட வரலாற்று நூல்ல பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை, நாடகத்துல அந்தக் கறையை எடுத்துட்டாரு. ஏன் எடுத்தாருன்னு பசங்களே சொல்லிடுவாங்க.

நிஜ மேக்பெத் பத்தியும் சொல்லணும். 1040ல இருந்து 1057 வரைக்கும் 17 வருஷம் ஸ்காட்லாந்தை ஆண்ட ராஜா. நிஜ டங்கன் நாடகத்துல வர்ற மாதிரி நரைச்ச கிழவர் இல்ல, வயசு குறைவு, செத்ததும் படுக்கையில இல்ல, மேக்பெத் ஆளுங்களோட நடந்த சண்டையில. இதை வச்சு ஒரு நல்ல எக்சர்சைஸ் பண்ணலாம், ஷேக்ஸ்பியர் எதெல்லாம் மாத்துனாருன்னு சொல்லிட்டு ஒவ்வொண்ணையும் எதுக்கு மாத்திருப்பாருன்னு கேளுங்க. எதுக்கு வயசானவர், எதுக்கு நல்லவர், எதுக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி, எதுக்கு தூங்கும்போது. கொலையை மன்னிக்க வைக்கக்கூடிய ஒவ்வொரு சாக்கையும் அவர் வரிசையா பிடுங்கிப் போட்டதை பசங்க பாத்துடுவாங்க, நாடகம் எழுதுறதுன்னா என்னன்னு இதைவிட நல்லா காட்ட முடியாது.

நாலாவது சீன்ல ஒரு நொடி இருக்கு. துரோகம் பண்ணுன பழைய காடர் பிரபுவைப் பத்தி டங்கன் சொல்றாரு, முகத்தைப் பாத்து மனசைப் படிக்க ஒரு வித்தையும் இல்ல, அவனை முழுசா நம்பியிருந்தேன்னு. அந்த வரி முடியுற அதே நேரம் மேக்பெத் உள்ள வர்றான். இதை நடிச்சுப் பாத்தாதான் உறைக்கும். அதே சீன்ல டங்கன் தன் மகன் மால்கமை வாரிசா அறிவிக்கிறாரு, இங்க கொஞ்சம் விளக்கம் தேவைப்படும், அந்தக் காலத்து ஸ்காட்லாந்துல பட்டம் தானாவே அப்பாகிட்ட இருந்து மூத்த மகனுக்குப் போகாது, ராஜ உறவுக்குள்ள தகுதியான யாருக்கு வேணாலும் போகலாம், மேக்பெத்தும் அந்த உறவுதான். இது தெரியலன்னா அவன் ஏன் அவ்ளோ கலங்குறான்னு பசங்களுக்குப் புரியாது.

ஏழாவது சீன்தான் முதல் அங்கத்தோட மையம். விருந்து உள்ள நடக்குது, மேக்பெத் மட்டும் எழுந்து வெளிய வந்து தனியா பேசுறான். நான் அவருக்குச் சொந்தக்காரன், அவரோட குடிமகன், இப்ப அவருக்கு விருந்து குடுக்குறவன், கொலைகாரனுக்குக் கதவைச் சாத்த வேண்டியவனே நான், நானே கத்தி எடுக்கலாமா, அதுவும் இவ்ளோ சாதுவான ராஜாவை. செய்றதுக்கு ஒரே காரணம்தான் இருக்கு, துள்ளிக் குதிச்சு தானே கவுந்து விழுற என் ஆசை. ஒரு பையனை இதை ரெண்டு தடவை படிக்க வைங்க, முதல் தடவை நின்ன இடத்துல, ரெண்டாவது தடவை ஒவ்வொரு நிறுத்தக்குறி வரும்போதும் திசை மாறி நடந்துக்கிட்டே. உடம்பு அலையும்போது அந்த மனசு அலையுறது தெரியும்.

உடனே மனைவி லேடி மேக்பெத் வர்றா. இந்த விஷயத்துல இதுக்கு மேல போக வேணாம்னு தெளிவா சொன்ன மனுஷன், சீன் முடியுறதுக்குள்ள ஒத்துக்கிறான், ஐம்பது வரி கூட இருக்காது. அவ என்னென்ன பண்ணுனா? ஜோடி ஜோடியா உக்காந்து அவ வசனத்துல ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்யுதுன்னு ஓரத்துல ஒரு வினைச்சொல்லா எழுதட்டும், கேலி பண்றா, கோழைங்கிறா, நீ ஆம்பளையாங்கிறா, உன் அன்பை இதை வச்சுதான் எடை போடுவேங்கிறா, கைக்குழந்தை பத்தி அந்த பயங்கரமான வாக்கியத்தைச் சொல்றா, கடைசியா திட்டத்தை விரிக்கிறா. தோத்துட்டா என்ன பண்றதுன்னு மேக்பெத் கேக்குற இடத்துல நிறுத்துங்க. கூடாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவன் இப்ப மாட்டிக்குவோமான்னு கேக்குறான், அங்கயே அவன் விழுந்துட்டான்.

இங்க ஒரு எச்சரிக்கை, கிளாஸ்ல பாதி பேர் "எல்லாத்துக்கும் காரணம் அந்தப் பொம்பளைதான்"னு வந்து நிப்பாங்க. அப்படியே விட்டுடக் கூடாது. அஞ்சாவது சீன்ல அவ ஆவிகளைக் கூப்பிட்டு என்னைக் கொடூரத்தால நிரப்புன்னு கேக்குறா, இயல்பாவே கொடூரமா இருக்கிறவ எதுக்கு அதைக் கடனா கேக்கணும்? கொலை ராத்திரியில, தூங்கும்போது அவர் என் அப்பா மாதிரி இருந்தாரு, இல்லன்னா நானே செஞ்சிருப்பேன்னு சொல்றா. இந்த ரெண்டு இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க. ஆம்பளப் பசங்க மட்டும் படிக்கிற ஸ்கூல்னா இந்த வேஷத்தைப் போட கூச்சப்படுவாங்க, ஷேக்ஸ்பியர் காலத்துலயே பொம்பள வேஷம் போட்டது இளம் பையன்கள்தான்னு சொல்லுங்க, ரெடி ஆயிடுவாங்க.

ரெண்டாவது அங்கம் ரெண்டாவது சீனுக்கு ஒரு முழு பீரியட் குடுங்க. கொலை மேடையில நடக்காது, நமக்கு வர்றது வெறும் சத்தம். ரெண்டு பேரை முதுகோடு முதுகா நிக்க வச்சு கிசுகிசுன்னு படிக்க வைங்க, ஒருத்தர் முகம் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. மொழி தடுக்குதுன்னா முதல்ல தமிழ்ல சொல்லிப் பாக்கட்டும்.

"நீங்க எதாச்சும் பேசுனீங்களா?"
"எப்ப?"
"இப்ப."
"நான் இறங்கி வரும்போதா?"
"ஆமா."

இதே சீனை இங்கிலீஷ்ல பண்ணும்போது பாருங்க, ஒத்தை ஒத்தை வார்த்தையா இருக்கும், அஞ்சாவது வகுப்பு இங்கிலீஷ் போதும், ஷேக்ஸ்பியர்னா கஷ்டம்ங்கிற பயமே இந்த அஞ்சு வரியில போயிடும். நான் எப்பவும் சொல்றது இதான், கஷ்டமான இடத்தைப் பசங்க முதல்ல அவங்க வீட்டுத் தமிழ்ல சொல்லட்டும், அந்த உணர்ச்சி வாய்க்கு வந்ததும் திரும்ப இங்கிலீஷ் வரிக்குப் போகட்டும். கைடுல இருக்கிற சுருக்கத்தை மட்டும் வச்சு நடத்துனா கதை தெரியும், நாடகம் தெரியாது. பாங்க்வோவோட ஆவி வந்துச்சுன்னு மனப்பாடம் பண்றதுல ஒண்ணுமே இல்ல.

அந்த சீன்ல அவனுக்கு "ஆமென்" சொல்ல வாய் வரல, தூக்கத்தைக் கொன்னுட்டன்னு ஒரு குரல் கேட்டுச்சுன்னு புலம்புறான், குத்துன கத்தியை அங்கயே போடாம கையோட எடுத்துட்டு வந்துட்டான், திரும்பப் போகச் சொன்னா மாட்டேங்கிறான், அவதான் எடுத்துட்டுப் போறா. அப்ப கதவு தட்டுற சத்தம். அதை நீங்க பண்ணுங்க, பசங்க எதிர்பாக்காத நேரத்துல கிளாஸ் கதவை வெளிய நின்னு பலமா தட்டுங்க. கடல் தண்ணி மொத்தமும் ஊத்துனாலும் என் கை சுத்தமாகாதுங்கிறான் அவன், கொஞ்சம் தண்ணி போதும் எல்லாம் போயிடும்ங்கிறா அவ. இந்த ரெண்டு வரியையும் நோட்டுல கட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்க, அஞ்சாவது அங்கத்துல வேணும்.

இந்த இடத்துல கிளாஸை நாலு குழுவா பிரிச்சு குழுவுக்கு ஒரு விஷயம் குடுத்து, நாடகம் முழுக்க அது வர்ற இடத்தைத் தேடச் சொல்லலாம், ரத்தமும் கையும் ஒரு குழுவுக்கு, தூக்கம் ஒரு குழுவுக்கு, பறவைங்க ஒரு குழுவுக்கு, உடுப்பு ஒரு குழுவுக்கு. ரத்தம்ங்கிற வார்த்தை மட்டும் 40 தடவைக்கு மேல வருது. உடுப்புதான் பசங்க எதிர்பாக்காதது, முதல் அங்கத்துல அடுத்தவன் உடுப்பை ஏன் எனக்கு மாட்டுறீங்கன்னு கேக்குற மேக்பெத், கடைசி அங்கத்துல ராட்சசன் அங்கியைத் திருடிப் போட்ட குள்ளன் மாதிரி இருக்கான்னு மத்தவங்க வாயால பேர் வாங்குறான்.

கதவைத் திறக்க வர்ற காவல்காரன் சீனை நிறைய பேர் காமெடின்னு வெட்டிடுறாங்க, வெட்டாதீங்க, குடிவெறியில தன்னை நரகத்து வாசல்காரன்னு நினைச்சுப் பேசுறான், அந்த வீடு இப்ப நரகம்தான. கொஞ்சம் ஆபாச ஜோக் வரும், வயசைப் பாத்துக் குறைச்சுக்கோங்க.

மூணாவது அங்கத்துக்கு வரும்போது பசங்ககிட்ட ஒரு கணக்கு காட்டுங்க, பதவியைப் பிடிக்கிற கதை ரெண்டு அங்கத்துல முடிஞ்சு போச்சு, மிச்சம் மூணு அங்கம் அதைக் காப்பாத்துற கதை. ஆசையைப் பத்தின நாடகம்னு சொல்றவங்க இந்தப் பாதியை மறந்துடுறாங்க. ராஜாவா இருக்கிறது பெரிசில்ல, பத்திரமா இருக்கணும்னு மேக்பெத் சொல்றான், அந்தப் பத்திரம் கடைசி வரைக்கும் வரவே இல்ல. பாங்க்வோவைக் கொன்னாகணும், அவன் மகன் ஃப்ளியன்ஸ் தப்பிச்சிட்டான், அதனால தூக்கமில்ல, ஒவ்வொரு பிரபு வீட்லயும் காசு குடுத்து ஒரு வேலைக்காரனை ஒற்றனா வச்சிருக்கேன்னு அவனே மனைவிகிட்ட சொல்றான். அதிகாரம் எப்படி வேலை செய்யுதுன்னு பெரிய பசங்களோட பேச இந்த ஒரு வரி போதும்.

விருந்து சீனை கண்டிப்பா நடிக்கணும். பெஞ்சை நகர்த்தி நீளமா ஒரு மேஜை, சுத்தி பிரபுக்கள், ஒரு நாற்காலி காலி. சீனோட முதல் வரி, அவங்கவங்க தகுதி அவங்கவங்களுக்குத் தெரியும், அதுப்படி உக்காருங்க. ஆவி வந்து எல்லாம் கலைஞ்சதும் லேடி மேக்பெத் சொல்றது, வரிசையெல்லாம் பாக்காதீங்க, உடனே கிளம்புங்க. ஒரு நாட்டோட ஒழுங்கு எப்படி உடைஞ்சுதுங்கிறது ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள்ள அடங்கிடுது. ரெண்டு விதமா நடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு தடவை பாங்க்வோவா நடிக்கிற பையன் நிஜமாவே வந்து அந்த நாற்காலியில உக்காரட்டும், இன்னொரு தடவை நாற்காலி காலியாவே இருக்கட்டும். 1611ல குளோப்ல இந்த நாடகத்தைப் பாத்த சைமன் ஃபோர்மன்ங்கிறவர் ஆவி வந்து மேக்பெத்தோட நாற்காலியில உக்காந்ததா எழுதி வச்சிருக்காரு, ஆனா காலி நாற்காலியா காட்டுன தயாரிப்புகளும் பின்னாடி நிறைய வந்துருக்கு. எது பயமா இருக்கு, எதுல நமக்கு மேக்பெத் மேல இரக்கம் வருதுங்கிறது ரெண்டும் வேற வேற கேள்வி, பசங்க பதிலும் பிரியும்.

இதோட சேத்து அந்தப் புருஷன் பொண்டாட்டியையும் கவனிக்க வைங்க. முதல் அங்கத்துல மனைவிக்குப் போட்ட கடிதத்துல "என் பெருமையில பங்காளி"ன்னு எழுதுனவன். மூணாவது அங்கம் ரெண்டாவது சீன்ல ராஜாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், நேரம் இருக்கான்னு கேட்டு வான்னு அவ வேலைக்காரனை அனுப்புறா. சொந்தப் புருஷன்கிட்ட. பாங்க்வோவைக் கொல்லப் போறதையும் அவகிட்ட சொல்லல, நீ தெரிஞ்சுக்காம இரு கண்ணுன்னு மறைச்சிடுறான். சேந்து கொலை பண்ணுன ரெண்டு பேர் அதுக்கப்புறம் சேந்து இருக்கவே முடியல. எனக்கு இந்த நாடகத்துல ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

நாலாவது அங்கத்துல சூனியக்காரிங்க குகையை வேகமா கடந்துடலாம், காடு நகர்ந்து வந்தாதான் தோப்ப, பெண்ணுக்குப் பொறந்த யாராலயும் உனக்கு ஆபத்தில்லங்கிற ரெண்டு வாக்கையும் மட்டும் பிடிச்சுக்கோங்க. அடுத்த சீன்ல நிக்கணும். மேக்பெத்தை எதிர்க்கிற ஃபைஃப் பிரபு மக்டஃப் இங்கிலாந்துக்குப் போயிட்டான், வீட்ல மனைவியும் குழந்தைங்களும், ஒரு சுட்டிப் பையன் அம்மாகிட்ட எதிர்க்கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கான், கொலைகாரங்க வர்றாங்க. இந்தக் கொலைக்கு ஒரு லாபமும் கிடையாது, அந்தக் குழந்தையால மேக்பெத் கிரீடத்துக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. நோட்டோட கடைசிப் பக்கத்துல இன்னைக்கு நிறைய பேர் "விலகிட்டேன்"னு எழுதுவாங்க. அடுத்து மக்டஃபுக்கு செய்தி வர்ற பகுதியை மட்டும் எடுங்க, ஆம்பளையா நின்னு இதைத் தாங்குன்னு மால்கம் சொல்றான், தாங்குறேன், ஆனா ஆம்பளையா இதை நான் உணரவும் வேணும்ல அப்படிங்கிறான் மக்டஃப். முதல் அங்கத்துல லேடி மேக்பெத் சொன்ன ஆம்பளைத்தனத்துக்கு பதில் இங்கதான் வருது. இந்த சீன்களுக்கு முன்னாடியும், லேடி மேக்பெத் தன் உயிரைத் தானே எடுத்துக்கிட்டதா சேதி வர்ற கடைசிப் பகுதிக்கு முன்னாடியும் பசங்களுக்கு என்ன வரப் போகுதுன்னு முதல்லயே சொல்லிடுங்க, கிளாஸ்ல யார் வீட்ல என்ன நடந்துருக்குன்னு நமக்குத் தெரியாது.

தூக்கத்துல நடக்குற சீனை ஒரு துப்பறியும் வேலையா குடுங்க. ஒரு டாக்டர் பக்கத்துல நின்னு அவ சொல்றதை எழுதிக்கிறாரு, பசங்கதான் அந்த டாக்டர். அவ பேசுற ஒவ்வொரு துண்டும் எந்த ராத்திரியில இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும். ஒண்ணு ரெண்டுன்னு மணி எண்ணுறது, அந்தக் கிழவர்கிட்ட இவ்ளோ ரத்தம் இருக்கும்னு யார் நினைச்சாங்கன்னு கேக்குறது, ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே இப்ப எங்கங்கிறது, பாங்க்வோவைப் புதைச்சாச்சு வெளிய வர மாட்டான்ங்கிறது, கதவு தட்டுற சத்தம். கட்டம் போட்டு வச்ச அந்தத் தண்ணி வரியை இப்ப எடுக்கச் சொல்லுங்க, கொஞ்சம் தண்ணி போதும்னவ இப்ப கையைத் தேச்சுக்கிட்டே இருக்கா. முன்ன செய்யுள்ல பேசுனவ இங்க உரைநடையில உடைஞ்சு பேசுறா, அதையும் கேட்டா அவங்களே சொல்லுவாங்க.

படம் காட்டுறதுன்னா எல்லாம் படிச்ச பிறகு காட்டுங்க, முன்னாடி காட்டுனா அந்த நடிகர் முகம்தான் மேக்பெத்னு ஒட்டிக்கும். முழுப் படத்தைவிட ஒரே சீனை ரெண்டு படத்துல பாக்குறது பிரயோஜனம். சூனியக்காரிங்க வர்ற இடம் இதுக்கு நல்லா இருக்கும், ஜப்பான் இயக்குநர் குரோசாவா 1957ல எடுத்த த்ரோன் ஆஃப் பிளட்ல காட்டுக்குள்ள ராட்டை சுத்துற ஒத்தை ஆவி, 2003ல வந்த ஹிந்திப் படம் மக்பூல்ல மும்பை நிழல் உலகத்துல ஜாதகக் கட்டம் போடுற ரெண்டு போலீஸ்காரங்க.

கடைசி வகுப்புல "டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ" பேச்சை விளக்காதீங்க, மனைவி செத்த சேதி வந்த அடுத்த நொடி பேசுறது அதுன்னு மட்டும் சொல்லிட்டு நாலஞ்சு பேரை வேற வேற மாதிரி படிக்க வைங்க, கோவமா ஒருத்தர், களைச்சுப் போய் ஒருத்தர், எதுவுமே உணராத மாதிரி ஒருத்தர். எக்ஸாம்ல வழக்கமா வர்ற கேள்வி மேக்பெத் வில்லனா, வீழ்ந்த வீரனான்னுதான், அதுக்குப் பதில் இவங்க நோட்டுலயே இருக்கு, எந்த சீன்ல ஏன் விலகுனேங்கிறதுதான் ஆதாரம், அதோட ஒரு மேற்கோளைச் சேத்தா பத்தி ரெடி. நாடகத்தோட கடைசிப் பேச்சுல புது ராஜா மால்கம் இந்த ரெண்டு பேரையும் செத்துப் போன கசாப்புக்காரன், அவனோட பேய் மாதிரி ராணின்னு ஒரே வரியில முடிச்சிடுறான். இவ்ளோ நேரம் அவங்களோட தனிமையை, பயத்தை, தூக்கமில்லாத ராத்திரியைப் பாத்தது நாமதான், மால்கம் எதையும் பாக்கல. அவன் சொல்றது சரியா, எதை விட்டுட்டான், அந்த மேடையில நின்னு பேச உனக்கு நாலு வரி குடுத்தா நீ என்ன சொல்லுவன்னு கேட்டு அதை எழுத வைங்க, வீட்டுப்பாடமா குடுக்காம அந்தப் பீரியட்லயே.